எழுபத்திரண்டு யூனிட் மண்

மைசூர்,
8-3-1977

சிரஞ்சீவி கணபதிராமனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சௌக்கியம் என்று போட்டுவிட்டு மேலே எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை. உடம்பைப் பொறுத்தவரை ஒன்றும் குறைவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் கட்டோடு படுத்திருந்தார், போன வாரம் கட்டுப் பிரித்தாயிற்று, கண்ணாடி போட்டால் பேப்பர் படிக்கிறார். உன் தங்கை பாலா நஞ்சன்கூட்டிலிருந்து வந்து ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போனாள், குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. ராஞ்சியில் குளிர் விட்டிருக்கும், இருந்தாலும் விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. நான் இதை எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தபாலில் சேர்க்க விடமாட்டார்.

நம் சபா கட்டுகிற கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டுவது உனக்குத் தெரியும். குழியின் அடித்தளம் முப்பது அடிக்கு இருபது அடி, ஆழம் பன்னிரண்டு அடி. எவ்வளவு மண் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கோ என்று என் தம்பி சாம்புதான், உன் அருமை மாமாதான், ஜனவரியில் அப்பாவிடம் வந்து நின்றான். காரியதரிசி ஆனதிலிருந்து அவன் நடையே மாறிப் போயிருக்கிறது. அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியராக வாய்க்காலும் ஏரிக்கரையும் பார்த்தவர், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடத் தெரியாது அவருக்கு. இரண்டு நாள் வெயிலில் நின்று மூலைக்கொரு சோதனைக் குழி போட்டுப் பார்த்தார். மேலே நாலடி நல்ல செம்மண், அதற்குக் கீழே ஓட்டுச்சில்லும் சாம்பலும் கலந்த மண், என்றைக்கோ யாரோ பள்ளத்தில் கொட்டி மேடாக்கியது. அதனால் பக்கங்களை நட்டமாக வெட்டக் கூடாது, ஓரடி இறங்கினால் அரையடி வெளியே சாய்வு விட வேண்டும், அப்போது குழியின் வாய் நாற்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு ஆகும், நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் நூற்றுப் பதினாலு யூனிட் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். வெட்டின மண் அரிசியை இடித்தால் மாவு கூடுகிற மாதிரி கால் பங்கு கூடும், ஓரத்தில் குவிக்காமல் தள்ளிக் கொட்டுங்கள் என்று அடிக்கோடு வேறு போட்டார். அந்த அளவுக்கு முளை அடித்துக் கயிறும் கட்டிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார்.

அவ்வளவு பெரிய வாய் வெட்டினால் புதிதாகப் போட்ட சமையல் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். அது சாம்புவுக்குப் பிடிக்கவில்லை, உனக்கு எழுதினான். நீ என்ன பதில் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன், கடிதம் என்னிடம் இருக்கிறது. உன் மாமி அன்னபூர்ணியே தன் அகத்துக்காரன் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். அப்பா இன்னும் கால்வாய்க் காலத்திலேயே இருக்கிறார், மைசூர் செம்மண் கெட்டி, நட்டமாக வெட்டினாலும் நிற்கும், எழுபத்திரண்டு யூனிட் போதும், மீதி வீண்வேலை என்று எழுதியிருக்கிறாய். முப்பதையும் இருபதையும் பன்னிரண்டையும் பெருக்க இன்ஜினீயர் எதற்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதுமே. அந்த மண்ணை நீ கண்ணால் பார்த்தாயா? அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டாயா? கண்ணில் கட்டோடு படுத்திருந்த மனுஷரை ஊரில் இருந்தவனும் கேட்கவில்லை, ஊரை விட்டுப் போனவனும் கேட்கவில்லை.

சாம்பு முளையைப் பிடுங்கி உள்ளே அடித்தான். மார்டள்ளியிலிருந்து வந்து வெட்டினவர்களுக்குத் தலைவன் சென்னிமலை, அவன் முதல் நாளே சொல்லியிருக்கிறான், ஏனுங்க சாமி, இது கொட்டுன மண்ணுங்க, நட்டமா நிக்காதுங்க, சாச்சு வெட்டோணுமுங்க என்று. இது இன்ஜினீயர் போட்ட கணக்கு, நீ வெட்டற வழியைப் பாரு என்றானாம் சாம்பு. கொட்டகை இருப்பதால் மண்ணைத் தள்ளிக் கொட்டவும் இடமில்லை, குழி ஓரத்திலேயே மலையாகக் குவித்தார்கள். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒன்பதடி இறங்கியிருந்தபோது, ஒரு பக்கம் முழுக்கச் சரிந்தது. உள்ளே கூடையோடு நின்ற சென்னிமலையின் பெண்சாதி சாமியாத்தாள் இடுப்பு வரை புதைந்துபோனாள். எதிர்க்கடை லிங்கப்பன் ஓடி வந்து அவர்களோடு சேர்ந்து கையாலேயே தோண்டி எடுத்துத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. நம் சபா பெரிய மனிதர்கள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ரத்தம் பட்ட இடத்துக்குத் தீட்டுப் போகப் புண்யாகவாசனம் ஒரு தரம் போதுமா, தொட்டி கட்டி முடித்தபிறகு இன்னொரு தரம் வேண்டுமா என்று சர்ச்சை செய்துகொண்டிருந்தார்கள். அப்போது அவள் இன்னும் மண்ணுக்குள் முனகிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கூலிக்காரர்கள் தாறுமாறாக வெட்டிவிட்டார்கள் என்று முடிக்கப் பார்த்தார்கள். சென்னிமலை வாசலில் நின்றுகொண்டே, பெரியவரு அடிச்ச முளையே வேறீங்க என்று சொல்லிவிட்டான். அப்படியானால் அளவைக் குறைத்தது யார் என்று ஒருவர் கேட்டார். சாம்பு தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா எழுந்து, நான்தான் கொறைச்சுச் சொன்னேன், வயசாச்சு, தப்பிப் போச்சு என்றார். கண்ணோடு கணக்கும் போயிடுத்து என்று பின்னால் ஒருவன் சிரித்தானாம். அகத்துக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். நம்ம பிள்ளை முன்னுக்கு வரவேண்டியவன், அவன் பேர் இதுலே அடிபடக் கூடாது, நீ வாயைத் திறக்காதே என்கிறார். அவர் செய்ததும் எனக்குப் பிடிக்கவில்லைதான், பொய் சொல்லித் தெரியாதவர் இந்த வயதில் பொய் சொன்னார். அன்றிலிருந்து வாசற்படி தாண்டவில்லை, யஜமான்ரு யாக்கே வாக்கிங் பரல்ல, ஏன் இப்போது உலாவ வருவதில்லை என்று பக்கத்து வீட்டுக் கௌரம்மா கேட்கிறாள், கண் கூசுகிறதாம் என்று நானும் பொய் சொல்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் சாமியாத்தாளைப் பார்த்தேன். மூன்று மாசம் அசையக் கூடாதாம். என்னைப் பார்த்ததும், பெரியவருக்குக் கண்ணு தேவலைங்களா என்று அவள் கேட்டாள். எனக்கு அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்கக் கூசியது. நம் பிள்ளை போட்ட கணக்கம்மா இது என்று சொல்ல வாய் வரவில்லை. சாம்பு இதுவரை அங்கே எட்டிப் பார்க்கவில்லை, அவனை என் தம்பி என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. உன்மேலும் அதேதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

வருகிற இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். அப்பா பேரைப் போட்டு, வைத்யநாதன் தவறான அளவு கொடுத்ததால் நேர்ந்த விபத்து என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அப்பாவும் போடுவேன் என்கிறார். அதற்குள் உன் கையால் சபாவுக்கு ஒரு கடிதம் வர வேண்டும், அப்பா சொன்னது நூற்றுப் பதினாலு, மண்ணைப் பார்க்காமல் எழுபத்திரண்டு என்று எழுதியவன் நான் என்று. நன்றாக இரு, தீர்க்காயுசாக இரு, வேளைக்குச் சாப்பிடு. பெற்றவளுக்கு ஆசீர்வாதம் பண்ணாமல் இருக்கத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இருபத்தேழாம் தேதி உன் கடிதம் வந்து சேராவிட்டால், நீ சாம்புவுக்கு எழுதினதை நானே கூட்டத்தில் எழுந்து நின்று படிப்பேன், தேதியும் உன் கையெழுத்தும் உள்பட, உன் அப்பாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
ராஜலக்ஷ்மி