சுபாவின் சால்வை வழக்கு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

என் வாயாலேயே பேத்தியைக் கெடுக்கப் பார்த்தேன்.

ரொறன்ரோவில் தாதிக்குப் படித்து முடித்த சுபா, போன மாதம் கடையில் ஒரு சால்வையைத் தோளில் போட்டபடி காசு கொடுக்காமல் வெளியே வந்துவிட்டாள். பொலிஸ் களவு என்று வழக்குப் போட்டுவிட்டது. நாளைக்குக் கோர்ட். காலையில் போனில் அழுதாள்.

"குற்றத்துக்கு ஓம் எண்டு சொல்லி முடி பிள்ளை" என்றேன். இங்கே சுவிஸில், டீட்டிகோனில், மகனுக்குத் தண்டக் கடிதம் வந்தால் காசைக் கட்டிவிடுவான், கதை முடிந்துவிடும்.

மத்தியானம் திரும்ப எடுத்தாள். நான் சொன்னதைச் சொல்ல லோயர் ஏசினாராம்.

"ஓம் எண்டால் களவெடுக்கிற எண்ணத்தோட எடுத்தனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி, அம்மம்மா. குற்றப் பதிவு விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி வேலை தரும்?"

"நீ எடுத்தனிதானே?"

"எடுத்தது மட்டும் காணாது. எண்ணமும் இருக்கவேணும். அதைச் சந்தேகமில்லாமல் காட்டுறது அரசாங்கத்தின்ர வேலை."

"அப்ப மறந்துபோனன் எண்டு சொல்லன்."

"ஏன் மறந்தனான்? கடையில நிக்கேக்க நீங்கள்தானே போனில அரை மணித்தியாலம் ஒடியல் கூழ் காய்ச்ச வகுப்பெடுத்தனீங்கள்!"

செய்முறை கேட்டது அவள். பழி எனக்கு.

லோயர் என்னைச் சாட்சியாகக் கேட்கலாமாம். கேட்கட்டும். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கும் காது இருக்கிறது. கூழுக்குள் நண்டு போடும் இடத்தைச் சொல்லும்போது கடை வாசல் மணி அடித்தது எனக்கும் கேட்டது. "ஐயோ அம்மம்மா, சால்வை தோளில கிடக்குது" என்று அவள் பதறினதும் கேட்டது.

அதைக் கேட்ட நானேதான் ஓம் எண்டு சொல்லச் சொன்னேன். விசரி, புத்தி கெட்டவள்.