வீங்கிய காலைத் தேய்க்க வேண்டாம்

மயிலாப்பூர்,
11.8.1997

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு, அண்ணா சுவாமிநாதன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

முதலில் காரியம். இருபதாம் தேதி தாதர் எக்ஸ்பிரஸில் கிளம்பி என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. ஆறு வருஷமாகக் கதவைச் சாத்தி வைத்தவன், திறக்கிற நேரத்தில் மறுபடி சாத்துகிறான் என்று நினைக்காமல் முழுக்கப் படி.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து போட்ட மாவுக்கட்டைப் பிரித்து எட்டு நாள் ஆகியும் கெண்டைக்கால் வீக்கம் வடியவில்லை, தொட்டால் சூடாக இருக்கிறது, தினமும் சாயங்காலம் வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து விடுகிறார்கள் என்கிறாய். தேய்ப்பதை இந்த நிமிஷமே நிறுத்து. காலையில் உன் ஆபீசுக்கு எஸ்.டி.டி. போட்டேன். நீ லீவு என்றார்கள். உன் வீட்டில் போன் இல்லை. போனை எடுத்தவரிடம் இரண்டு வரி சொல்லி, நேரில் போய் உன்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

எனக்கு வந்ததும் இதே வீக்கம்தான். ஏப்ரலில் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. உன் மன்னி மூன்று வாரம் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. காலேஜிலிருந்து பார்க்க வந்த ஒரே ஆள், என்னைத் தாண்டி டிபார்ட்மென்ட் தலைவரான அந்த மகானுபாவன். ஆப்பிளை வைத்துவிட்டு, நன்றாக ரெஸ்ட் எடுக்கச் சொன்னான். என் நாற்காலியில் அவன் எடுக்கிற ரெஸ்ட் போதாதா? நான் எடுத்த ரெஸ்ட்தான் வினை. இடது கால் தூண் மாதிரி வீங்கியது. ஆழ்வார்பேட்டை டாக்டர் தணிகாசலம், என் மாணவர்கள் வயதுதான், டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாம். “யாராவது தேய்ச்சு விட்டாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். “தப்பிச்சீங்க” என்றார்.

ஏழு நாள் ஆஸ்பத்திரியில், ரத்தம் மேலும் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஏற்றினார்கள். இப்போது அதற்கே வார்ஃபரின் மாத்திரை, சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒரு நாள் தவறவில்லை. ரத்தம் அளவோடு இளகியிருக்கிறதா என்று பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பரிசோதனை. ரிசல்ட் எவ்வளவு வரும் என்று லாப்காரனுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கீரை கூடினால் மருந்தின் வேலை குறையும். அதனால் வாரம் இரண்டு நாள், ஒரே அளவு. கீரைக்காரி முத்தம்மா விடுவாளா? “இன்னா சார், பொன்னாங்கண்ணி தளதளன்னு கீது, கீரைக்குக் கூடவா டாக்டரு சீட்டு எய்திக் குடுத்தாரு?” என்று கூடையோடு சட்டம் பேசுகிறாள். “நீ போ முத்தம்மா, ஆத்துல நான் சொன்னாலே கேக்கறதில்லை” என்று மன்னி அவளை அனுப்பி வைத்தாள். இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு நாகேஸ்வரராவ் பார்க்கை நாலு சுற்று சுற்றுகிறேன். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மன்னி எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியதெல்லாம் மிகை.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டார். அப்பாவைச் சொன்னேன். இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வாரம் படுக்கை, வலது கால் வீக்கம், ஒரு மத்தியானம் திடீரென்று மூச்சு முட்டி அரை மணியில் முடிந்தது. டாக்டர் அதையும் என் சீட்டில் குறித்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார். சில குடும்பங்களில் இது உண்டு, உடன்பிறந்தவர்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்றார்.

அவரிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அப்பா போன அன்று காலைத் தபாலில்தான், ரிஜிஸ்தர் ஆபீஸில் நடந்த உன் கல்யாணச் செய்தி வந்தது. அதுதான் அப்பாவைக் கொன்றது என்று ஊரெல்லாம் சொன்னேன். காரியத்துக்கு வந்த உங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தி, முகத்துக்கு நேரேயும் சொன்னேன். உண்மையில் அப்பா கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, பெண் என்ன படித்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். பிறகு நான் தினமும் போலத் தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அந்த வலது காலைத் தேய்த்தேன். அன்று உன் மேலிருந்த கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன்.

இன்றே டாக்டரிடம் போ. என்னையும் அப்பாவையும் சொல்லி ஸ்கேன் கேள். அவர் அனுமதிக்கிற வரை ஒரு நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு ரயிலில் உட்கார வேண்டாம். மூச்சு முட்டினாலோ மார்பு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் நேரே ஆஸ்பத்திரி. தேய்த்து விட்டதற்காக அவளைக் கோபிக்காதே. தெரியாமல் செய்தாள். அவள் கோபத்தில் தேய்க்கவும் இல்லை.

டாக்டர் சரி என்றதும் இருவரும் வாருங்கள். நீ மட்டும் தனியாக வந்தால் கதவு திறக்காது. டாக்டர் சொன்னதை ருக்சாரையே எனக்கு எழுதச் சொல். நீ மறைப்பாய்.

உனக்கும் ருக்சாருக்கும் என் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இருங்கள்.

அண்ணா,
சுவாமிநாதன்