துவர்ப்புத் தழை

அருமை மகளுக்கு,

நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுகிறாள். என் பேச்சை மீறி நீ அவரைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷமும் பதினோரு நாளும் ஆகிறது.

நம் செவலைப் பசு எலும்பும் தோலுமாகி, கன்றுக்குக்கூடப் பால் இல்லாமல் நின்றது. வயிற்றுக்கு நல்லதென்று நான் வேலந்தழையையே கட்டுக் கட்டாகப் போட்டுவந்தேன். அம்மா யாருக்குப் போன் செய்தாள் என்று கேட்கவில்லை. மறுநாள் உன் வீட்டுக்காரர் வந்து, வேலிக்கு வெளியிலேயே நின்று, ஒரு தழையைக் கிள்ளி மென்றார்.

“துவர்ப்பு ஜாஸ்தி மாமா. தழையில சத்து இருக்கு, ஆனா இந்தத் துவர்ப்பு அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மாட்டுக்கு விடாது. வாடவிட்டு, நாலு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு போடுங்க.”

“தீவன ஆபீஸ்ல மேயறதுக்கா சம்பளம்?” என்றேன்.

“ஆமா மாமா, அசைபோடத்தான் நேரம் தர்றதில்ல.”

சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவர் சொன்னபடியே போட்டேன். செவலை தேறிவிட்டது. கன்று முட்டி முட்டிக் குடிக்கிறது. இரண்டும் பிழைத்தது அவரால்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளைக்குப் பாலில் எவ்வளவு சர்க்கரை போட வேண்டும் என்று அம்மா கேட்கிறாள். கேட்கச் சொன்னது நான்தான்.

கைநாட்டுடன்,
உன் அப்பா