நீ அனுப்பிய ஆறு பேஸ் கிட்டார் படங்கள் பற்றி

சலேலோலோகா, சவாய் தீவு
செப்டம்பர் 9, செவ்வாய்

அன்பு மகன் செமிசிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் இன்று காலையும் எழுந்து, முகம் கழுவி, ஒருவரையொருவர் குறை சொல்லும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகள் சினாவும் குழந்தை லாகியும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாலை ஜெபத்தில் மூன்று பேர் பெயரையும் தவறாமல் சொல்லி வருகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் சரியாகிவிட்டது என்று தெரிந்தால் தோட்டத்துக்கு விரட்டுவேன் என்று நான் பார்க்கும்போது மட்டும் நொண்டுகிறார். ஈரப்பலா இந்த வருஷம் மரம் தாங்காமல் காய்த்திருக்கிறது, பன்றிக்குப் போட்டும் மிச்சம். பக்கத்து வீட்டு மாலியா வியாழக்கிழமை உங்கள் ஊர் பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் லாகியின் வெள்ளை உடுப்பையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டத்துக்குச் செய்வாய். காகிதத்தைப் பார்த்து சரிம்மா சொல்ல முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

உங்கள் சபையில் பேஸ் வாசித்த யோசுவா சுரங்க வேலைக்கு மேற்கே போய்விட்டான், பதினோரு வருஷம் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த உன்னைப் போதகர் பேஸுக்கு மாறச் சொல்லியிருக்கிறார், அடுத்த மாதம் பிள்ளைகள் வெள்ளை உடுத்தி முன்னால் நின்று பாடும் வெள்ளை ஞாயிறு, அதற்குள் ஒன்றை வாங்கிப் பழகாவிட்டால் பிள்ளைகள் பாட்டுக்குப் போனிலிருந்து இசையைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார், இதெல்லாம் தெரியும். அந்தப் பாட்டின் முதல் அடியை லாகிதான் தனியாக நின்று எடுக்கப்போகிறாள் என்பதும் தெரியும். அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன், உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. எது வாங்கலாம்மா என்று நீ அனுப்பிய ஆறு படங்களையும் மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முதலாவது ஐந்து கம்பி, உடம்பெல்லாம் புலிக்கோடு. இரண்டாவது ஆறு கம்பி. ஆறு கம்பிதான் வேண்டுமென்றால் கையில் இருக்கும் கிட்டாரையே வைத்துக்கொள், எதற்கு மாறுகிறாய்? மூன்றாவது கொம்பு முளைத்த கறுப்புப் பிசாசு, அதை மாட்டிக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் எந்த முகத்தோடு நிற்பாய்? நான்காவதில் பேட்டரி, ஐந்து திருகு, ஆராதனை நடக்கும்போது குனிந்து எதைத் திருகிக்கொண்டிருப்பாயோ. ஐந்தாவது மட்டும்தான் மனுஷர் வாசிக்கிற நாலு கம்பி பேஸ் மாதிரி இருக்கிறது, அதற்கு நீ எழுதியிருப்பது "கொஞ்சம் சாதாரணம்". கடைக்காரன் "அஞ்சு கம்பி எடுத்துக்கோங்க, எதிர்காலத்துக்கு நல்லது" என்றானாம், நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். எதிர்காலம் கர்த்தர் கையில் இருக்கிறது, ஐந்தாவது கம்பியில் இல்லை. வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் நம் சபையில் நான் பேஸ் வாசித்த பத்தொன்பது வருஷமும் எந்த ஞாயிறு எந்தப் பாட்டு, எந்த ஸ்வரத்தில் எடுத்தார்கள், எங்கே இறங்கி முடித்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று முழுக்க எண்ணிப் பார்த்தேன். நாலு கம்பியில் எட்டாத, ஐந்தாவது கம்பி தருகிற அந்தத் தாழ்ந்த ஸ்வரம் தேவைப்பட்டது பதினொரு தடவை. பதினொரு தடவையும் அதே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் எடுத்து வாசித்தேன், சபையில் ஒருவரும் மயங்கி விழவில்லை.

இனி அந்த வீடியோ. இரவல் பேஸில் பயிற்சி செய்ததை "எப்படி இருக்குன்னு பாரும்மா" என்று பெருமையாக அனுப்பியிருந்தாயே, அதை மாதர் கூட்டம் முடிந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "இவன் பேஸ் வாசிக்கிறானா, கொல்லையில கோழி விரட்டுறானா?" என்று கேட்டார். மாலியா "சும்மா இருங்க அண்ணே, புள்ள கஷ்டப்பட்டு எல்லா ஸ்வரத்தையும் ஒரே பாட்டுல கொண்டு வந்திருக்கு" என்றாள். சிரித்தார்கள், நானும் சிரித்தேன், பெற்ற பிள்ளையாயிற்றே என்று மறைக்கவில்லை. பிறகு எல்லோரும் போனபின் நான் தனியாக மறுபடி பார்த்தேன், அப்போது சிரிப்பு வரவில்லை. நீ பார்த்தாயா என்று தெரியவில்லை, பார்த்திருக்க மாட்டாய், கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாய். லாகி முன்னால் நிற்கிறாள். தாளத்தில் நாலு தட்டு முடிந்ததும் அவள் பாட்டை எடுக்க வேண்டும். நாலாவது தட்டில் நீ கிட்டாரில் செய்கிற மாதிரி மேலேயிருந்து கீழே சரசரவென்று ஓர் ஓட்டம் விட்டாய். குழந்தை வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி உன்னைப் பார்த்தாள். மறுபடி தொடங்கினீர்கள், மறுபடி ஓட்டம், மறுபடி திரும்பினாள். மூன்றாவது தடவை திரும்பியபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, தப்பு தன்னுடையது என்று நினைக்கிறாள். உன் ஓட்டத்தை ரசித்தது அந்தப் பயிற்சிக் கொட்டகையில் உன்னைத் தவிர ஒரே ஒருத்தன், டிரம்ஸ் தட்டுகிற பிலிப்போ, அவன் எதைத்தான் ரசிக்கமாட்டான்.

கிட்டார்காரர்கள் எல்லோருக்கும் இதே வியாதிதான். பேஸ் என்றால் இரண்டு கம்பி குறைந்த கிட்டார், அதனால் பாதி வேலை, மிச்ச நேரத்தில் வித்தை காட்டலாம் என்று நினைப்பு. எனக்கும் முதல் வருஷம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நம் சபையில் வாசித்தவர் கோபித்துக்கொண்டு போனபோது யாரும் இல்லாமல் நான் எடுத்தேன், சொல்லித் தர ஆளில்லை, கூட்டிப் பெருக்கிய நேரம் போகக் கோவிலில் உட்கார்ந்து தானாகப் பழகினேன். பழகியதை எல்லோருக்கும் காட்ட வேண்டாமா? ஒரு ஞாயிறு காட்டினேன். ஆராதனை முடிந்து போதகர் மனைவி என் பக்கம் பார்க்காமலே "இன்னைக்குப் பாட்டுக்குள்ள ரெண்டு பேரு சண்டை போட்டாங்களே, யாரது?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு பாட்டுக்கு எத்தனை ஸ்வரம் வேண்டுமோ அத்தனை மட்டும் வாசித்தேன், கிழவர்கள் பாடுகிற வரிசை அன்றுதான் முதல்முறையாகச் சுருதி இறங்காமல் முடித்தது. என்னை ஒருவரும் பாராட்டவில்லை. பேஸ் சரியாக இருந்தால் பாட்டு நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். உனக்கு அது போதாது என்றால் இந்த வேலைக்கு வராதே.

ஆறாவது படத்துக்கு வருகிறேன். கழுத்து குட்டையான அந்தச் சின்ன பேஸ். "இது சின்னப் பசங்களுக்கு, சும்மா அனுப்பினேன்" என்று அடியில் எழுதியிருக்கிறாய். சும்மா அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். பதினாறு வயதில் ரக்பி ஆடி இடதுகைச் சுண்டுவிரலை உடைத்துக்கொண்டாய், அது இன்றுவரை மடங்குவதில்லை, எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்று விரலை வைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். பேஸின் நீளக் கழுத்தில் கீழ் ஸ்வரப் பக்கத்து ஃப்ரெட்டுகள், விரல் வைக்கிற அந்தக் குறுக்குக் கோடுகள், மூன்று விரல் அகலம் தள்ளித் தள்ளி இருக்கும், அங்கே ஏமாற்ற முடியாது. வீடியோவில் நீ மேல் ஸ்வரங்களிலேயே ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம், கீழே உன் கை எட்டவில்லை. கடைக்காரனிடம் அந்த விரலைக் காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய். பிலிப்போ வேறு "மச்சான், அத மாட்டினா தொப்பையில ப்ரூச் குத்தின மாதிரி இருக்கும்டா" என்று சொன்னதாகச் சினா சிரித்துக்கொண்டே சொன்னாள். நூற்றிருபது கிலோ ஆண்பிள்ளை, சட்டையில் குத்துகிற ஒரு ப்ரூச்சுக்குப் பயந்து குழந்தையின் பாட்டைக் கெடுக்கிறாய். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். குட்டைக் கழுத்தில் தடித்த கம்பி கொஞ்சம் தொளதொளவென்று பேசும், உண்மைதான், ஒரு சுற்று கனமான வழவழப்புக் கம்பியாகப் போடச் சொல், சரியாகிவிடும். ஐந்தாவதையும் ஆறாவதையும் கையில் எடுத்துப் பார், மற்ற நாலையும் திரும்பிக்கூடப் பார்க்காதே. வாரைப் போட்டு நின்று கையை விடு, பேஸின் தலைப்பக்கம் சரிந்து தொங்கினால் ஒரு மணி நேர ஆராதனையில் உன் இடது கை அதைத் தாங்குவதிலேயே முடிந்துபோகும். கடையில் போய் வேகமாக வாசித்துப் பார்க்காதே, வேகமாக வாசித்தால் எல்லா பேஸும் நல்ல பேஸ்தான். ஒவ்வொரு கம்பியிலும் கீழேயிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஒரு ஸ்வரம் அடித்து அது தானாகச் சாகிறவரை காத்திரு. பக்கத்து ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் முந்திச் செத்தால் அந்த பேஸ் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பின்னால் வாங்கக் காத்து நிற்கிறவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வாங்கி வந்ததும் உன் கிட்டார் ஆம்பில் செருகித் தொலைக்காதே, அதன் ஒலிபெருக்கி கிழியும், யோசுவா விட்டுப்போன பெரிய பேஸ் ஒலிப்பெட்டி சபையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கடைக்கு லாகியைக் கூட்டிப் போ. உனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல். எண்ணிக் கொடுக்காதே, தலையாட்டாதே, இரண்டு பேஸிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டின் முதல் ஸ்வரத்தை மட்டும் நடக்கிற மாதிரி ஒரே சீராக அடி, வேறொன்றும் சேர்க்காதே. ஒன்றில் அவள் திரும்பிப் பார்ப்பாள், ஒன்றில் தானாகப் பாட்டை எடுப்பாள். அவள் எதில் எடுத்தாளோ அந்த பேஸை வாங்கு, சின்னதோ பெரியதோ. இரண்டிலும் அவள் திரும்பினால் கோளாறு பேஸில் இல்லை, வெறுங்கையோடு வெளியே வந்து போனையே போடச் சொல்லிப் போதகரிடம் நீயே சொல், நான் வருத்தப்படமாட்டேன், வெட்கம்தான் படுவேன். ஆனால் அவள் எடுப்பாள். அந்த நேரம் சந்தோஷத்தில் ஏதாவது செய்யத் தோன்றும், ஒன்றும் செய்யாதே மகனே. சிரிக்கக்கூடச் செய்யாதே. அவள் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறவரை கீழ் ஸ்வரங்களிலேயே இரு.

லாகியின் உடுப்பில் கையிடுக்கு ஒரு விரல் தளர்த்தித் தைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்துவிட்டுச் சினாவைப் போன் பண்ணச் சொல். உடுப்பை வைத்து மாலியா கொண்டுவரும் டப்பா என்னுடையது, அவள் திரும்பும்போது அதுவும் திரும்ப வேண்டும். சுண்டுவிரலுக்குத் தேங்காயெண்ணெய் சுடவைத்துத் தேய். கர்த்தர் உன் வீட்டையும் உன் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக, முக்கியமாக இடது கையை. அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார், லாகிக்கு மட்டும்.

உன் பெயரைச் சொல்லாமல் ஒரு ஜெபமும் முடிக்காத
அம்மா ஃபுவாதினோ