மார்ச் ஒன்பது இல்லாத காலண்டர்

ஜூலை 7, 2025, திங்கள்

இன்று சொல்லாதது: அது என் குரல்தான் என்று.

பதினொரு மணிக்கு டீ எடுக்கக் கீழே போனேன். பைண்டிங் கூடத்து ஸ்பீக்கரில் பதின்மூன்றாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் வீட்டை விட்டு வந்து லாரி ஓட்டும் செண்பகம் நாக்பூருக்கு வெளியே டயர் வெடித்து நிற்கிறாள். இருபத்து மூன்று பெண்கள் காலண்டர் தேதித் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்கிறார்கள். கை ஓடுகிறது, முகம் மட்டும் ஸ்பீக்கர் பக்கம்.

"இந்த மெட்ராஸ்காரி கொரல் மட்டும் எனக்கு இருந்துச்சு, மாட்டுச் சந்தையில வெல பேசியே பொழச்சிக்கிருவேன்" என்றாள் வள்ளித்தாய் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "ஏ புள்ள நசிமா, மாடில டிசைன் போட்டுக்கிட்டே இருந்தா எப்பிடி? நீ கேக்கியா இந்தக் கதய?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். டீ ஆறிப்போயிற்று.

ஜூலை 8

ஏன் சொல்லவில்லை? நேற்றுப் படுத்த பிறகும் இதே கேள்வி.

இது தொடங்கியது பாட்டுச் சண்டையில். கூடத்தில் பழைய பாட்டுக் கட்சி, புதுப் பாட்டுக் கட்சி என்று இரண்டு. ஏப்ரலில் ஒருநாள் முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி மாடிக்கே வந்துவிட்டார். "பாப்பா, நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள. ஏதாச்சும் செய்யி. இவுக சண்ட மிஷின் சத்தத்தையும் தாண்டித் திருத்தங்கல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது."

மூலையில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து எடுத்தேன். அதில் ஒரு கன்டெய்னர். அதற்குள் பாட்டு அனுப்பும் சர்வர். கணினிக்குள் தனியாக ஒரு அறை கட்டி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதை ஒதுக்கிவிடுவது மாதிரி. அறையில் ஏதாவது கெட்டுப்போனால் இடித்துவிட்டு அதே அச்சில் ஒரு நிமிடத்தில் வேறு கட்டிக்கொள்ளலாம். மற்ற எதுவும் கெடாது. அங்கிருந்து வைஃபையில் பாட்டு கூடத்துப் பழைய போனுக்குப் போகும், போனிலிருந்து ஸ்பீக்கருக்கு. காலை பழையது, மதியம் புதியது. சண்டை நின்றது.

மே மாதம் ஒருநாள், இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், யாரும் கேட்காமலே, என் கதையின் முதல் அத்தியாயத்தைச் செருகினேன். என்ன துணிச்சல் அது! மூன்று வருடமாக நோட்டில் எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது. பிளேட் செக்‌ஷன் ஹரிபிரசாத் "இது எங்கன கிடைச்சது?" என்றான். நெட்டில் என்றேன். மெட்ராஸ்காரி என்பது அவனாகச் சேர்த்தது.

சொன்னால் நான் போய்விடுவேன், "கதை சொல்ற புள்ள" என்று ஒருத்தி வந்துவிடுவாள். மாடியில் பேசாமல் இருக்கும் இந்த நசிமாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 15

இன்று நோட்டைப் பார்க்காமலே பதிவு செய்தேன். எழுதி வைத்தது பத்தொன்பதாம் அத்தியாயத்தோடு தீர்ந்துவிட்டது. மிச்சத்தைப் பேசியே முடித்துவிடலாம். போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தால் அம்மா வாசலில் நிற்கிறார். "யார்ட்டடி பேசிக்கிட்டு இருக்க?" ஆபீஸ் என்றேன். "ஆபீஸ்ல அழுவாகளா?"

ஜூலை 22

மார்ச் ஒன்பது காணாமல் போய்விட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு, 2026 காலண்டர் டிசைன்கள் எல்லாம் அடங்கிய ஆல்பத்தை வெளியிட வேண்டும். ஊரே அன்றைக்குத்தான் அடுத்த வருடத்தைத் திறந்து காட்டும். ஏஜெண்டுகளுக்கு ஆல்பத்தோடு கொடுக்க மாதிரிக் காலண்டர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பதினெட்டாம் அத்தியாயம். செண்பகத்தின் லாரிக்குப் பின்னால் அவள் கொழுந்தன் ஜீப்பில் துரத்தி வருகிறான். பிரேக் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் யாரோ ஒருத்தி கை நின்றிருக்கிறது. கை நின்ற இடத்தில் ஒரு கட்டுத் தாளை எடுக்காமலே அடுத்ததற்குப் போயிருக்கிறாள். 2026 மார்ச் எட்டுக்கு அடுத்த நாள் பத்து. நாற்பது காலண்டர்.

அண்ணாச்சி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். "மார்ச் ஒம்பதுல எவன் வீட்டுலயாச்சும் விசேசம் இருந்தா அவன் என்ன செய்வான்?"

"எட்டாந் தேதியே முடிச்சிருவான் அண்ணாச்சி" என்றாள் வள்ளித்தாய் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. "இன்னொரு தேதி காணாமப் போச்சுன்னா உங்க கதையும் காணாமப் போயிரும். சொல்லிட்டேன்."

பிரித்துக் கட்ட உட்கார்ந்தார்கள். முப்பத்தொன்பதுதான் தேறியது. ஒன்று என் பைக்குள் இருக்கிறது. திருட்டுத்தான். ஆனால் ஒருத்தி கை நின்றுபோனதற்கு வேறு என்ன சாட்சி?

ஜூலை 23

போனில் இடம் இல்லை என்றது. பதிவுகளை எல்லாம் அழித்தேன். சர்வரில்தான் பத்திரமாக இருக்கிறதே.

ஜூலை 30

கடைசி அத்தியாயத்தையும் பேசி, ஏற்றியாயிற்று. நோட்டில் இல்லை, பேசியதுதான். ஏற்றியதும் போனிலிருந்து அழித்தேன். சனிக்கிழமை ஒலிக்கும்.

கூடத்தில் இப்போது வேறு இரண்டு கட்சி. செண்பகம் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது வள்ளித்தாய் அக்கா கட்சி. "மூணு மாசம் லாரி ஓட்டிட்டு மறுபடியும் மாமியாக்காரிக்குத் தண்ணி எடுக்கவா?" திரும்பணும் என்பது பொன்னுத்தங்கம் அம்மா கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான். மூலையில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணுகிறவர். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு அத்தியாயம்கூட விட்டதில்லை. காய்ச்சலோடு வந்து கேட்டிருக்கிறார். "என்ன இருந்தாலும் வாசல் வரைக்கும் வந்துரணும்" என்பார்.

அவருக்குச் சனிக்கிழமையோடு வேலை முடிகிறது. மகன் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறான், ஞாயிறு பஸ். இனி வரமாட்டார்.

என் முடிவில் செண்பகம் திரும்பி வந்து லாரியை விட்டு இறங்கிவிடுகிறாள். ஒழுங்கான முடிவு. ஏனோ இரண்டாவது முறை கேட்க மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

எழுத எழுதச் சிரிப்பு வருகிறது.

காலை ஒன்பதரைக்கு, சர்வருக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்தேன். கடைசி நாள், நன்றாக இருக்கட்டுமே என்று ஒரு ஆசை. பழைய அறையை இடித்தேன், புதியதைக் கட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டுகள் எல்லாம் வந்தன. கதைகள் என்ற இடத்தில் — ஒன்றுமில்லை.

மறுபடியும் பார்த்தேன். மறுபடியும்.

பாட்டுகள் வெளியே ஹார்டு டிஸ்கில் இருந்தன. அறைக்கு அங்கே போக வழி மட்டும் கொடுத்திருந்தேன். கதைகளுக்கு வழி கொடுக்கவில்லை. அவை அறைக்குள்ளேயே இருந்திருக்கின்றன. நானே இடித்தேன், நானே அள்ளிப் போட்டேன். போனில் இல்லை. நோட்டில் இல்லை. ஐயோ, நசிமா!

பேப்பர் குடோனுக்குள் போய் மூன்று முறை பதிவு செய்து பார்த்தேன். "செண்பகம் வாசலில் லாரியை நிறுத்தினாள்" என்பது வரை வந்தது. அதற்கு மேல் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கலாம். பொன்னுத்தங்கம் அம்மாவுக்குத் திங்கட்கிழமை இல்லையே.

பதினொன்றேகால். கதை நேரம் தாண்டிவிட்டது. கீழேயிருந்து வள்ளித்தாய் அக்கா: "ஏலே ஹரி! மெட்ராஸ்காரி தூங்கிட்டாளா?"

நான் இறங்கிப் போனேன்.

"கதை அழிஞ்சு போச்சு" என்றேன். எப்படி என்றார்கள். கணினிக்குள் அறை, இடித்தது, கட்டியது, கதை உள்ளேயே இருந்தது எல்லாம் சொன்னேன். வள்ளித்தாய் அக்கா இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"சரக்க ரூமுக்குள்ளயே வச்சிட்டா இடிச்ச? ஏ புள்ள, உனக்கு வெவஸ்த இருக்கா? சாயந்தரம் ஆச்சுன்னா ஒரு சிட்டிக மருந்து ரூம்ல விடமாட்டோம். கூட்டித் தொடச்சி, செஞ்ச சரக்கு அம்புட்டும் தள்ளி இருக்க மேகசின் குடோனுக்குப் போயிரும். ரூமு வேல செய்யிறதுக்கா, வச்சிப் பூட்டுறதுக்கா?"

நான் படித்த உதவிப் பக்கங்களில் இதைத்தான் நாற்பது பத்தியில் சொல்லியிருந்தார்கள்.

பொன்னுத்தங்கம் அம்மா எழுந்து வந்தார். "அந்த மெட்ராஸ் புள்ளைக்குப் போன் போட்டு இன்னொருக்கா சொல்லச் சொல்லு தாயி. நாளைக்கு எனக்கு வண்டி."

அவர் கையில் எண்ணி முடிக்காத ஒரு கட்டு இருந்தது. எந்த எண்ணில் நிறுத்தினார் என்பது மறந்துவிடாமல் கட்டைவிரலை உள்ளே வைத்திருந்தார்.

"போன் போட வேண்டாம்மா. நான்தான் அது."

யாருக்கும் புரியவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. முதல் அத்தியாயத்தின் முதல் வரியைச் சொன்னேன், அந்தக் குரலில்: "செண்பகம் லாரிச் சாவியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். வீட்டுச் சாவியைவிடக் கனமாக இருந்தது."

எல்லாக் கையும் நின்றது.

"அடியே!" வள்ளித்தாய் அக்காதான் முதலில். "ரெண்டு வருசமா சாப்ட்டியான்னு கேட்டாத் தலைய ஆட்டுதவ, எங்க எல்லாரையும் அழ வச்சது நீயாக்கும்? கதையும் நீ எழுதுனதா?"

தலையை ஆட்டினேன்.

"பாருங்கடி, இதுக்கும் தலைய ஆட்டுதா! தள்ளி உக்காருங்க, மெட்ராஸ்காரி உக்காரட்டும்."

பேப்பர்க் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து ஆரம்பித்தேன். குடோனில் வராதது இங்கே வந்தது. லாரி சாத்தூரைத் தாண்டியது. இருட்டு விலகியது. செண்பகம் வாசலில் லாரியை நிறுத்தினாள். ஹாரன் இரண்டு முறை. புருஷன் வெளியே வருகிறான். அங்கே நின்றுவிட்டேன். பதிவில் அவள் இறங்கினாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் அவளை இறக்க முடியவில்லை.

பொன்னுத்தங்கம் அம்மா, "அவ எதுக்கு எறங்கணும்?" என்றார்.

"நீங்கதான வரணும்னு சொன்னீக?" — வள்ளித்தாய் அக்கா.

"வாசல் வரைக்கும் வரணும்னேன். வந்துட்டா. எறங்கணும்னு சொன்னேனா? அவன ஏறச் சொல்லு. கிளீனர் சீட்டு காலியாத்தான கெடக்கு."

"அவனுக்குக் கிளீனர் வேல தெரியுமா?"

"பழகிக்கிடட்டும்."

கூடமே சிரித்தது. சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்துவிட்டார். "என்ன, மறுபடியும் தேதிய விட்டாச்சா?"

"அஞ்சு நிமிசம் பொறுங்க அண்ணாச்சி. ஒரு குடும்பம் சேரப் போகுது" என்றாள் வள்ளித்தாய் அக்கா.

அவர் நின்றார். நான் புருஷனை ஏற்றினேன். அவன் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்று விழ, மாமியார் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. லாரி கிளம்பியது. முடிந்தது.

தேதி எதுவும் காணாமல் போகவில்லை. யாரும் வேலையே செய்யவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

மிஷினுக்குப் பூஜை, ஆல்பம், ஏஜெண்டுகள், சர்க்கரைப் பொங்கல். ஹரிபிரசாத் மாடிக்கு வந்து, "மெட்ராஸ்னு சொன்னது நான்தான், யார்ட்டயும் சொல்லிராத" என்றான். எல்லாருக்கும் தெரியும் அது.

நாலு மணி பஸ்ஸுக்குப் பொன்னுத்தங்கம் அம்மாவை அனுப்பிவிட்டு வந்தோம். போன் நம்பர் கேட்டார். வாய் திறந்து சொன்னேன்.

ஆகஸ்ட் 11

கதைகளுக்கு வெளியே தனி இடம் கொடுத்தாயிற்று. வேண்டுமென்றே மூன்று முறை அறையை இடித்துக் கட்டிப் பார்த்தேன். வைத்தது வைத்தபடி இருந்தது. இப்போது சாயங்காலம் கிளம்பும்போதெல்லாம் வள்ளித்தாய் அக்கா மாடியைப் பார்த்து ஒரு கத்து: "ஏ புள்ள! சரக்கு மேகசினுக்குப் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா!" நானும் கத்துகிறேன். எனக்கு இவ்வளவு சத்தம் இருப்பது அம்மாவுக்கே தெரியாது.

அக்டோபர் 4

தாளில் உட்கார்ந்து எழுதினால் வரவில்லை. கூடத்தில் போய் நின்றால் வருகிறது. இது நல்லதா?

மார்ச் 9, 2026, திங்கள்

எங்கள் வீட்டுக் காலண்டரில் இன்று இல்லை. எட்டைக் கிழித்தால் பத்து. "இன்னைக்கு லீவா?" என்றார் அம்மா. இல்லை என்றேன்.

சீசன் இல்லை, கூடத்தில் பள்ளிக்கூட நோட்டு பைண்டிங். இரண்டாவது கதையை இன்று ஆரம்பிப்பதாகச் சொல்லியிருந்தேன், பதிவாக இல்லாமல், நேராக. மைக் கணினிக்குப் போகிறது, கணினியிலிருந்து ஊருக்கு வெளியேயும் போகிறது. பத்து மணிக்குத் திருப்பூரிலிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது: "தாயி, இங்கன தையல் மிஷின் சத்தம் ஜாஸ்தி. கொஞ்சம் ஒரக்கச் சொல்லு."

பதினொன்றேகாலுக்குக் கீழே போனேன். கூடத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். சர்வர் பக்கத்தில், வெளியூரில் கேட்பவர் என்ற இடத்தில், ஒன்று என்று இருந்தது. உரக்கவே ஆரம்பித்தேன்.