இரண்டு கேன் போதுமா?

மே 12, திங்கள்

காலை ஒன்பதுக்கே அனல். மின்விசிறி சுற்றுவதும் ஒன்றுதான், சுற்றாததும் ஒன்றுதான். பிளஸ் ஒன் டியூஷன்: வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. இரண்டு பொருள் கலந்தால் எது முதலில் தீர்கிறதோ அது. அதோடு வினை நின்றுவிடும், மற்றது மிச்சம். ஆறு பேரில் நாலு பேருக்குப் புரிந்தது.

மாடி ரூமில் குடியிருக்கும் செல்வி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கம். ஒரகடத்தில் முலாம் பூசும் கம்பெனி, கழிவுநீர்த் தொட்டியில் கான்ட்ராக்ட் வேலை. பிள்ளைகள் போனதும் துண்டுச்சீட்டை நீட்டினாள். தொட்டிக் கழிவில் சயனைடு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை முறிக்க ஹைப்போ என்கிற குளோரின் திரவம், 35 கிலோ கேன் இரண்டு.

"போதுமாக்கா?"

கேனில் 12% என்று போட்டிருக்கிறதாம். சயனைடு 100 மோல், ஹைப்போ 112. ஒன்றுக்கு ஒன்று. சயனைடுதான் முதலில் தீரும். போதும், பயப்படாதே என்றேன்.

மே 14, புதன்

பேப்பர் திருத்தம் பாதி. கேஸ் புக் செய்யணும்.

செல்வி மதியமே வந்துவிட்டாள். வாந்தி. முறித்த கழிவை அடுத்த தொட்டிக்கு விட்டு, காரத்தன்மை போக ஆசிட் ஊற்றும்போது கசப்பாக ஒரு வாடை, தலைசுற்றல். கேன்களை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டேன்.

"வெளிய ஷெட் ஓரந்தான்க்கா. பொங்கலுக்கு வந்த கேன். இப்ப தொறந்தா நெடியே இல்ல."

நாலு மாத வெயில். வீரியம் பாதி என்றாலே 56 மோல்தான். முதலில் தீர்வது ஹைப்போ. சயனைடு 44 மிச்சம். அதன்மேல் ஆசிட். விஷவாயு.

லேபிளை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறேன். நான்.

ஆட்டோ வந்துவிட்டது. ஆஸ்பத்திரி.

மே 15, வியாழன்

சயனைடு என்றதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நாள் வைத்திருந்து இன்று அனுப்பினார்கள். சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். பொங்கலிலிருந்து தொட்டிக்கு இரண்டு கேன்தான், யாரும் சாகவில்லை என்றார். கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கேன் வீரியம் போயிருக்கும், சோதிக்காமல் ஆசிட் ஊற்றாதீர்கள் என்று எழுதிக் கொடுத்த தாளை ரிஜிஸ்டருக்குள் செருகினார்.

மே 16, வெள்ளி

செல்விக்கு கான்ட்ராக்டர் போன். இனி வர வேண்டாமாம். அழவில்லை.

"எனக்குப் பதிலா ஒடிசாப் புள்ளைய விட்டிருக்காவக்கா. நாலு மணிக்கு ஆசிட் ஊத்துவா. அதே கேன்தான்."

ஸ்கூட்டி, பின்சீட்டில் செல்வி. மூன்றரைக்கு கேட்டில். செக்யூரிட்டி செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருமா, கூப்புடறேன்" என்று உள்ளே போன் போட்டார். சூப்பர்வைசர் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"சார், ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டு ஊத்தச் சொல்லுங்க. நான் வேலை கேட்டு வரல" என்றாள் செல்வி.

அவர் உள்ளே போய் இருபது நிமிடம். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆசிட்டை நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டார்களாம். சயனைடு மிச்சம் இருந்திருக்கிறது.

பொங்கலிலிருந்து எத்தனை தொட்டி இப்படியே வெளியே போனது என்று கேட்டேன். கம்பெனிக்குப் பின்னால்தான் எங்கள் தெருக் கிணறுகளுக்கு ஊறும் ஏரி. அந்தப் பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து போர் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.