மற்றும் குழுவினர்

போன மாதம் ஒருநாள் காலையில் பாப்பாவுக்கு இட்லி ஊட்டுவதற்காகப் போனைத் திறந்தேன். உங்கள் மலை அம்மன் பாட்டு சி.டி.யின் அட்டைப்படம் சின்னச் சதுரமாக வந்து நின்றது. அதே மஞ்சள் எழுத்து, சிவப்பு விளிம்பு. நடுவில் அம்மன்; கீழ் மூலையில் கைகூப்பியபடி தயாரிப்பாளர். பாடியவர் என்று அவருடைய மச்சான் பெயர், அதற்குப் பின்னால் பொடி எழுத்தில் ‘மற்றும் குழுவினர்’. உடனே உன் குரல். பாப்பா வாயைத் திறந்தாள். நான் கையில் இட்லியோடு அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டை தயாரான அன்று கல்லூரி விட்டதும் கள்ளக்குறிச்சியில் அட்டை வடிவமைக்கும் கடைக்கு நாம் ஓடினோமே. மலைக்குப் போகும் கரியாலூர் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். பாதிக்கு மேல் நீ பாடிய பாட்டுகள்.

“அண்ணா, எம் பேரு எங்க?”

“எடம் எங்கம்மா இருக்குது? நடுவுல அம்மன், ரெண்டு பக்கமும் சிங்கம், கீழ மொதலாளி கும்பிட்டுக்கினு நிக்கிறாரு. நீ குழுவினர்ல வந்துடுற.”

“ஒரு சிங்கத்த எடுத்துடுங்கண்ணா” என்றேன் நான்.

“சிங்கத்துல கை வெக்கக் கூடாதும்மா. தூரத்துலயே பாத்து சாமிப் பாட்டுன்னு தெரியணும். பேர யாரு படிக்கிறாங்க?”

நீ சிரித்துவிட்டாய். “இனிமே என்ன குழுவினர்னே கூப்புடுடி. மரியாதையா, பன்மையில” என்றாய். எனக்கு அன்றே உன்மேல் எரிச்சல். ஏன் சண்டை போடவில்லை என்று கேட்டதற்கு, “வுடுடி, அடுத்த சி.டி.ல போட்டுக்கலாம்” என்றாய். அடுத்த சி.டி. வரவில்லை. மஞ்சள் காமாலை வந்தது.

இப்போது உன் பாட்டு இல்லாமல் பாப்பா தூங்குவதில்லை. “யாரும்மா பாடுறது?” என்று கேட்கும் வயது வந்துவிட்டது. நான் இருக்கும்வரை சொல்வேன். நான் இல்லாவிட்டால்? பிள்ளை பெற்றதிலிருந்து இந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அவளாகத் தேடினால், அந்தச் சதுரத்தில் நீ எங்கும் இருக்க மாட்டாய்.

பாட்டுகளை இணையத்தில் ஏற்றியிருப்பது தயாரிப்பாளரின் மகன். கூப்பிட்டுப் பேசினேன்.

“அட்டையில இன்னா இருக்குதோ அதாங்க போட முடியும். இவங்க பேரப் போட்டா டோலக் அடிச்சவரும் வருவாருங்க.”

“வரட்டுங்களே. அவரும்தான அடிச்சாரு?”

“பாக்கலாங்க.”

படத்தில்கூட வேண்டாம், கீழே எழுதும் இரண்டு வரியிலாவது போடுங்கள் என்று இறங்கி வந்தேன். போட்டார்: ‘குழுவினருக்கு நன்றி.’ போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பாப்பா பார்த்துக்கொண்டிருந்ததால் அடிக்கவில்லை.

நேற்று என் எண்ணையே தடுத்துவிட்டார். இன்று வீட்டுக்காரர் போனிலிருந்து அனுப்பியிருக்கிறேன்: உன் பெயர், இனிஷியல், எந்தெந்தப் பாட்டு என்று எல்லாம். அதையும் தடுத்தால் மாமியார் போன் இருக்கிறது.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். எத்தனையோ விஷயத்தில் உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். இதில் மட்டும் கேட்கப்போவதில்லை.